இரண்டு புள்ளி

மட்டக்களப்பில் எங்கே அருவி?
குடும்பிமலையைச் சொல்வார் இன்பராசா.
அது மலை, ஒத்துக்கொள்கிறேன்.
தண்ணீர் விழுந்து நான் கண்டதில்லை.

ஆனால் உன்னிச்சைக் குளம் வான் பாயுது என்று
பொங்கலுக்கு முன்னமே செய்தி வந்துவிட்டது.
நேசதுரை மச்சான் வாடகைக்கு எடுத்து வந்தான்.
"வானில ஏறி வான் பார்க்கப் போறம்"
தானே சொல்லித் தானே சிரித்தான்
வலையிறவுப் பாலம் தாண்டும் மட்டும்.
மேலே இருந்த மூன்றாவது வான்
மூடிக்கொண்டு கிடந்தது.

பின் சீற்றில் மகள் டிலுக்ஷிகா.
மடியில் சோற்றுப் பார்சல்,
அதன்மேல் தமிழ் வினாத்தாள்.
வலயப் பரீட்சை, அறிமுகமில்லாக் கவிதை.
'இக்கவிதையில் அருவி எதனைக் குறிக்கின்றது?'
'அருவியைக் குறிக்கின்றது' என்று எழுதியிருந்தாள்.
பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு முட்டை.

கவிதைக்குக் கீழே 'மலைச்செல்வி' என்று போட்டிருந்தது.

அது நான்.

அந்த வாகனத்தில் ஒருவருக்கும் தெரியாது.
பத்தொன்பது வயதில் ஒரேயொரு சஞ்சிகைக்கு
ஒரேயொரு முறை அனுப்பிய பெயர்.
மலையும் கண்டதில்லை, செல்வமும் இல்லை.
கரடியனாற்று மில்லில் துண்டு எழுதிக்கொண்டிருந்தேன்:
மூடை இத்தனை, ஈரம் இத்தனை, கூலி இத்தனை.
பின்சுவரில் ஒரு தகரக் குழாய்,
அதன் வாயால் நாள் முழுக்க உமி கொட்டும்.
பின்னேரம் நாலரைக்கு வெயில் அதில் பட்டால்
பொன் என்று சொல்லக்கூடாது, பழைய உவமை,
ஆனால் பொன்தான்.
கொட்டுகிற இரைச்சலில்
முதலாளி கூப்பிடுவது கேட்காது.
எவர் கூப்பிட்டாலும் கேட்காது.
அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு.

உமி என்று எழுத வெட்கம்.
துண்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்
அருவி என்று எழுதினேன்.

ஆயித்தியமலை தாண்டியதும்
கண்ணாடி இறக்காமலே சத்தம் கேட்டது.
வான்கதவு மூன்று திறந்திருந்தது.
கலங்கல் தண்ணீர், தேநீர் நிறம்,
கொங்கிரீட்டில் விழுந்து எழும்பிப் புகைந்தது.
சாரத்தை மடித்துக் கட்டிய ஆட்கள்
அள்ளுவலையோடு கெளுத்திக்கு நின்றார்கள்.
கச்சான்காரனுக்கு நல்ல வியாபாரம்.
இன்பராசா செருப்பைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு
படியில் இரண்டு எட்டு வைத்தார்,
ஒன்று வெள்ளத்தோடு போனதுபோல் நடித்தார்.
ஒருவரும் சிரிக்கவில்லை. பயந்துபோனோம்.

நான் கிட்டப் போய் நின்றேன்.
முகத்தில் தூவானம்.
அதே இரைச்சல்.
யாரோ பின்னால் கூப்பிட்டிருக்கிறார்கள்,
எனக்குக் கேட்கவில்லை.

தயிர்ச் சட்டி பிரித்து,
சீனி மறந்து வந்ததற்கு என்னை ஏசி,
கடைசியில் தேங்காய்ச் சம்பலோடு தயிரைக் குழைத்து
எல்லாரும் தின்று முடித்த பிறகு
மகள் தாளை நீட்டினாள்.
ஒரு மூலை நனைந்து முட்டை கரைந்திருந்தது.

"அம்மா, இது அருவியா?"
"இல்ல மகள். குளத்து வான்."
"கவிதைல உள்ளது இதவிடப் பெரிசு.
எழுதினவ எங்க பார்த்திருப்பா?"
"எங்கயும் பார்த்திருக்கமாட்டா."
"மறுகா நான் என்னத்த எழுதுற?
டீச்சர் சொன்னவ, விடுதலை எண்டு எழுதணுமாம்.
ரெண்டு புள்ளியாம்."

செருப்பு இன்னும் என் கையில் இருந்தது.
ஒற்றைச் செருப்பு. மற்றது உண்மையாகவே போய்விட்டது.

"உமி எண்டு எழுது" என்றேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.
"அதுக்கும் முட்டைதான் போடுவா" என்றாள்.